ஏழாம் அறை: நலம்

வெள்ளைக்கண்ணு அண்ணன் எங்கள் ஆஸ்பத்திரியில் முதல் தடவை செத்தபோது நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம்.

அப்படி ஒரு சாவு. பாதி உடம்பு கட்டிலிலிருந்து தொங்க, கண் செருக, வாயோரம் அவரே கழிவறையிலிருந்து எடுத்து வந்த சோப்பு நுரை வழிய, "ஐயோ ஆத்தா, எலும்புக்குள்ள எவனோ ஆணி அடிக்கிறானே!" என்று அவர் போட்ட சத்தத்தில் சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு ஆள் ஓடி வந்தது. செத்து முடித்ததும் எழுந்து, தலையணையைக் கிரீடம்போலத் தலையில் வைத்துக்கொண்டு நாலு திசைக்கும் கும்பிட்டார். எங்கள் தலைமை மருத்துவர் நாச்சம்மைகூடச் சிரித்துவிட்டார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்துத் திருவிழா நாடகங்களில் முதலில் மேடைக்கு வருகிறவர் பபூன். கூட்டத்தைச் சிரிக்கவைத்து, அடங்கி உட்காரவைத்துவிட்டு அவர் போய்விடுவார். அழுவதும் சாவதும் அவருக்குப் பின்னால் வருகிற ராஜபார்ட்டின் வேலை. வெள்ளைக்கண்ணு அண்ணன் பபூன். ஆகவே சாகக் கிடைத்த வாய்ப்பை அவர் வீணடிக்கவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதிக நேரம் ஆகாது. பெயர் சவரிமுத்து, ஆண் நர்ஸ். தைரியசாலிகள் பாதுகாப்பு உடை போட்டு நோயாளியிடம் போவார்கள். நான் அவர்களுக்கு உடை மாட்டிவிடுகிறவன். எதற்குப் பின் எதை மாட்ட வேண்டும் என்று உரக்கப் படிப்பேன். கழற்றும்போது அதைவிட உரக்கப் படிப்பேன். கிழிசல் இருக்கிறதா என்று சுற்றிச்சுற்றி வருவேன். மாப்பிள்ளைத் தோழன் மாதிரி ஜோடித்து உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நின்றுகொள்வேன். இந்த வேலையை நானே கேட்டு வாங்கினேன். ஆபத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு கண்ணாடியாவது இருக்க வேண்டும் என்பது என் வாழ்க்கைக் கொள்கை.

வெள்ளாற்றூர் தொற்றுநோய் மருத்துவமனை, செங்கண் காய்ச்சல் முதல் தடவை வந்து போன பிறகு கட்டியது. அந்தத் தடவை சில வார்டுகளில் நோயாளிகளைவிட நர்சுகள் அதிகமாகச் செத்தார்கள். காரணம் சின்னதுதான். உள்ளே யாராவது முனகினால் இவர்கள் பாதி உடையிலேயே ஓடியிருக்கிறார்கள். அப்படி ஓடியவர்களில் நாச்சம்மை டாக்டரின் தங்கையும் ஒருத்தர். அதனால் இந்தக் கட்டடத்தை எழுப்பும்போதே கதவுகளிடமிருந்து இரக்கத்தை எடுத்துவிட்டார்கள். வார்டுக்குள் போக ஒரே வழியான உள் கதவைத் திறக்கும் அதிகாரம் மனிதர் யாருக்கும் இல்லை. மருந்து வேளை தவிர, இயந்திரம் ஆள் கேட்டால்தான் திறக்கும்.

இயந்திரத்துக்கு அரசு வைத்த பெயர் 'தாயுள்ளம்'. நாங்கள் வைத்த பெயர் மாமியார். எல்லா அறையிலும் அதற்குக் கண்ணும் காதும் இருந்தன. உடைக்குள் வெந்து நாங்கள் மயங்கி விழுந்தால் தெரிய வேண்டும் என்று, உடை மாற்றும் நடையிலும் ஒரு கண் வைத்திருந்தார்கள். அவ்வளவையும் பார்த்துக்கொண்டு, அபூர்வமாகத்தான் வாய் திறக்கும். வேறென்ன பெயர் வைப்பது?

ஒத்திகை நாளில் டீ குடிக்கும்போது, அதை உருவாக்கிய பிரணவ் என்ற சென்னைப் பையனிடம் வெள்ளைக்கண்ணு அண்ணன் கேட்டார்.

"காய்ச்சல், நாடித்துடிப்பு இதெல்லாம் பாத்து மெஷினே கண்டுபிடிச்சுக்காதா சார்? எதுக்கு என்னையப் போட்டுச் சாகடிக்கிறீங்க?"

"இந்தக் காய்ச்சல்ல எல்லாருக்கும் ஒரே நாடி, ஒரே சூடுதாண்ணே. இப்ப, இந்த நிமிஷம் யாருக்கு வலி தாங்கலங்கிறத நம்பர் சொல்லாது. முகமும் குரலும்தான் சொல்லும். அதத்தான் மெஷினுக்குக் கத்துக்கொடுக்கிறோம்."

"அதுக்கு நிஜ நோயாளியப் புடிக்க வேண்டியதுதானே?"

"வலியில கிடக்குறவங்களப் படம் புடிக்கக் கூடாதுன்னு கமிட்டி சொல்லிருச்சு. நியாயந்தானே? அதான் நாடகக்காரங்களத் தேடி வந்தோம்."

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "அப்ப, நாளைக்கு இந்த ஊர்ல எவனுக்கு வலிச்சாலும் என்னைய மாதிரிதான் வலிக்கணும்?"

"ஆமாண்ணே. இனிமே இங்க வலின்னா நீங்கதான்."

"ஏய் சவரித் தம்பி, கேட்டுக்க!" என்று அண்ணன் என் முதுகில் ஒன்று போட்டார். "எங்கப்பன் என்னைய ஒண்ணுக்கும் உதவாதவன்னாரு!"

எல்லோரும் சிரித்தோம். டாக்டர், பொறியாளர், நர்சுகள் என்று படித்தவர்கள் அத்தனை பேர் இருந்தோம். ஒருவருக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை. அண்ணனுக்கும் தோன்றவில்லை.

அடுத்த கோடையில் காய்ச்சல் திரும்ப வந்தது. வார்டு நிறைந்தது. ஆனால் மாமியார் அதிகம் கூப்பிடவில்லை. மருந்து வேளைக்குக் கதவு திறக்கும், மூடும். மற்ற நேரமெல்லாம் என் மேசைத் திரையில் ஒவ்வோர் அறைக்கும் எதிரே பச்சை எழுத்தில் 'நலம்' என்று இருக்கும். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு கொடிய நோய், இவ்வளவு அமைதியான வார்டு! பார்வையிட வந்த அதிகாரிகள் காலணிச் சத்தம் கேட்காமல் நடந்தார்கள்.

ஆறாம் அறையில் மீனாள் என்று ஒரு அக்கா இருந்தார். முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையில் வேலை. கொட்டைப் பால் பட்டுப்பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். காலையில் மைக்கைப் போட்டு, "எப்படி இருக்குக்கா?" என்று கேட்பேன்.

"பரவாயில்ல சார். நல்லாத்தான் இருக்கேன். நீங்க சாப்டீங்களா?"

எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். ஆம்புலன்சில் ஏற்றும்போது கேட்டாலும் பரவாயில்லை என்பார்கள். அந்த உடையைப் போட்டுக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து வருகிற பிள்ளைகளை நாம் வேறு எதற்குச் சிரமப்படுத்துவது என்று ஒரு மரியாதை. பிரணவ் எழுதிய எந்த நிரலிலும் இந்த மரியாதைக்கு இடம் இல்லை.

பிறகு ஏழாம் அறைக்கு வெள்ளைக்கண்ணு அண்ணனே வந்து சேர்ந்தார். எங்கோ திருவிழாவில் நடித்துவிட்டு வரும்போது ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண் ரெண்டும் செக்கச்செவேல் என்று இருந்தன.

"தம்பி, இந்தத் தடவை மேக்கப் போடாமலே வந்துட்டேன்யா" என்றார் மைக்கில்.

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, மைக்கை அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கையுறைப் பெட்டிகளை அடுக்கினேன். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

மறுநாள் முற்பகலில் ஏழாம் அறையிலிருந்து ஓர் அலறல். ஆத்தா, ஆணி, எலும்பு, எல்லாம் ஒத்திகையில் கேட்ட அதே வசனம். 'ஏழாம் அறைக்கு ஆள் தேவை' என்று மாமியார் உடனே சொன்னது. கதவு விளக்கு பச்சையானது. ரெஜினா சிஸ்டருக்கு உடை மாட்டி அனுப்பினேன். திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் உள்ளே நுழைந்ததும் அண்ணன் பட்டென்று அலறலை நிறுத்தினார்.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க சிஸ்டர். இடைக்கதவு வழியா பக்கத்து ரூமுக்குப் போயி அந்தப் புள்ளையப் பாருங்க. விடிஞ்சதுலேருந்து கண்ணாடி வழியா பாக்குறேன். போர்வைய வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கு."

"அவங்க நல்லாருக்காங்கன்னுதானே ஸ்கிரீன்ல..."

"போங்க ஆத்தா, நீங்க மொதல்ல போங்க!"

சிஸ்டர் வெளிக் கையுறையை மாற்றிக்கொண்டு ஆறாம் அறைக்குப் போனார். வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். நான் கழற்றும் வரிசையைப் படிக்க ஆரம்பித்தேன்.

"சவரி" என்றார், முகக்கவசத்துக்குள்ளிருந்து. "போர்வை கடிச்சுக் கடிச்சு ஓட்டையாயிருச்சு. ஊசி போடுறேன், அந்தம்மா எங்கிட்ட மன்னிப்புக் கேக்குது. சிரமம் குடுத்துட்டேனாம்."

எனக்கு அடுத்த வரி கண்ணில் தெரியவில்லை.

"படி சவரி. அடுத்தது என்ன?"

"இடது கையுறை" என்றேன்.

அன்றைக்கு நாச்சம்மை டாக்டர் என் மேசையிலிருந்தே பிரணவைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்டது.

"மேடம், மெஷின் மேல தப்பில்ல. வலி எப்படி இருக்கும்னு நாம காட்டினோமோ அதைத்தான் அது தேடுது. சத்தம் போடாத வலிய நாம காட்டவே இல்ல."

"சரி, அது உங்க வேலை. இப்ப எனக்குக் கதவு வேணும். என் பேச்சுக்குத் திறக்கிற மாதிரி பண்ணுங்க."

"மேடம்... டாக்டரே சொன்னாலும் திறக்கக் கூடாதுங்கிறது நீங்க எழுதிக்கொடுத்த விதி."

டாக்டர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கை செத்த வருஷம் எழுதியது. இனி ஒருத்தி அழுகைக் குரல் கேட்டு ஓடக் கூடாது என்று எழுதியது.

"மேலே எழுதிக் கேக்குறேன் மேடம். ரெண்டு மூணு நாள் ஆகும். இன்னொண்ணு. ஏழாம் அறை கூப்பிட்டு, போய்ப் பாத்தா ஒண்ணுமில்லன்னு ஆச்சுன்னா, மெஷின் அந்த அறைய நம்புறத ஒவ்வொரு தடவையும் குறைச்சுக்கும். அப்புறம் அவரு நிஜமாவே கத்தினாலும் கேக்காது. அவருகிட்டச் சொல்லிருங்க."

சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அதற்கு முன்னால் குறுக்கு வழி ஒன்றைப் பார்த்தேன். ஆறாம் அறை மைக்கைப் போட்டேன்.

"மீனாள்க்கா, வலிச்சா கொஞ்சம் சத்தமா கத்துங்க. அப்பத்தான் கதவு திறக்கும்."

"ஐயையோ, பக்கத்துல நோயாளி இருக்காருல்ல சார்?"

"பரவாயில்லக்கா. ஒரே ஒரு தடவை. எனக்காக."

அவர் கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிற குழந்தை எழுந்துவிடக் கூடாது என்பதுபோல, "ஆ" என்றார். பிறகு வெட்கப்பட்டுப் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். பச்சை எழுத்து அசையவில்லை.

ஏழாம் அறை மைக்கைப் போட்டு, அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"இன்னும் எத்தன தடவை நம்பும்?"

"தெரியலண்ணே. ஒவ்வொரு கூப்பாடும் உங்க கணக்குலேருந்துதான் போகுது. உங்களுக்குன்னு கொஞ்சம் வச்சுக்கங்க."

"பபூனுக்கு எதுக்குயா கடைசி சீனு?" என்றார். "அதெல்லாம் ராஜபார்ட்டுக்கு. நாம வந்தமா, கூட்டத்த உக்கார வச்சமா, போனமான்னு இருக்கணும்."

"உங்களுக்கு வலிக்கலையாண்ணே?"

"மெஷின் என்ன சொல்லுது?"

"நலம்ங்குது."

"அப்புறமென்ன?"

அதற்கப்புறம் அவர் செத்த சாவுகள் இருக்கிறதே! மாமியாருக்குச் சலிப்புத் தட்டிவிடக் கூடாது என்று தினுசு தினுசாக மாற்றினார். பாம்பு கடித்துச் செத்தார். விஷம் குடித்துச் செத்தார். ஒரு தடவை, கடன்காரன் வாசலில் நிற்பதுபோலவே செத்தார். ஒவ்வொரு சாவுக்கும் கதவு திறந்தது, ரெஜினா சிஸ்டர் போனார், அண்ணன் தனக்கு வேண்டாம் என்று கையைக் காட்டினார், ஆறாம் அறைக்கு ஊசி போய்ச் சேர்ந்தது. ஆனால் முதலில் ஓர் அலறலுக்குத் திறந்த கதவு, பிறகு நாலு அலறலுக்குத்தான் திறந்தது. அப்புறம் அவர் தொண்டை கிழியக் கத்தினாலும் யோசித்து யோசித்துத் திறந்தது. மீனாள் அக்காவுக்குக் காய்ச்சல் இறங்கியது. முதல் தடவையாக அசந்து தூங்கினார்.

அன்று பிற்பகல் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். குரல் காற்றாக வந்தது.

"தம்பி, நடுவுல இருக்குற கண்ணாடிய மங்கலாக்குற பொத்தான் உங்கிட்ட இருக்குல்ல? அமுக்கிரு."

"ஏண்ணே?"

"அந்தப் புள்ள முழிச்சு இந்தப் பக்கம் பாத்துச்சுன்னா பயந்துரும்."

பொத்தானை அமுக்கினேன். கண்ணாடி பால் நிறமானது. அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கால் விரல்கள் மட்டும் மடங்கி மடங்கி விரிந்தன. வேறு அசைவில்லை, சத்தமில்லை. திரையில், நலம்.

"அண்ணே, எப்படி இருக்கு?"

"பரவாயில்ல தம்பி."

அந்த வார்த்தைக்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

"கத்துங்கண்ணே. ஒரு தடவை. இந்தத் தடவை உங்களுக்காக."

"வரலய்யா."

ரெஜினா சிஸ்டர் முழு உடையில் கதவருகே நின்றார். டாக்டர் ஒரு போனில் சென்னையையும் இன்னொரு போனில் அமைச்சகத்தையும் பிடித்திருந்தார். இரண்டு பக்கமும் காத்திருப்பு இசை ஓடியது. அடுத்த மருந்து வேளைக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது, கதவு விளக்கு சிவப்பாகவே இருந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. என் மைக்கின் குரல் அவர் அறை ஸ்பீக்கரில்தானே கேட்கிறது? மாமியாரின் காதும் அதே அறையில்தானே இருக்கிறது? ஒலியை உச்சத்துக்கு ஏற்றிவிட்டு, நான் அலறினேன்.

"ஐயோ ஆத்தா! எலும்புக்குள்ள... எலும்புக்குள்ள எவனோ... ஐயோ!"

ஆணியை மறந்துவிட்டேன். பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நின்றதோடு என் கலைப்பயணம் முடிந்திருந்தது. நடையில் நின்ற எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு மறுபடியும் அலறினேன். மாமியார் மசியவில்லை.

ஏழாம் அறையில் அண்ணன் மெல்லத் திரும்பினார். கேமராவைப் பார்த்தார். முகம் கோணியது. வலி என்று நினைத்தேன். இல்லை, சிரிப்பு. சத்தமே இல்லாமல், தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"தம்பி" என்றார், மூச்சு வாங்க. "உனக்கு... நடிப்பு... சுத்தமா வரல."

'ஏழாம் அறை: மிக்க நலம்' என்றது திரை. அந்த எழுத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டாம் அறையில் ஒரு குழந்தை மருந்துக்கு அழுதது. கதவு திறந்தது. ரெஜினா சிஸ்டர் இரண்டாம் அறையைத் தாண்டி ஓடினார். நானும் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொண்டு நின்றேன். சிஸ்டர் அண்ணனின் கையைப் பிடித்தார். வெளியே வந்தபோது, "கை சூடாத்தான் இருந்துச்சு சவரி" என்றார். இந்தக் காய்ச்சலில் போனவர்களின் கை வெகுநேரம் சூடாகவே இருக்கும். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். "ஆமா சிஸ்டர், இருந்திருக்கும்" என்றேன். வரிசையை முதலிலிருந்து கடைசிவரை ஒரு வரி விடாமல் படித்தேன். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை.

டாக்டர் கதவைத் திறக்கலாம் என்ற உத்தரவு மறுநாள் வந்தது. நாச்சம்மை அதைப் படித்துவிட்டு, முதல் வேலையாகத் தானே உடை போட்டுக்கொண்டு ஒவ்வோர் அறைக்கும் போய் வந்தார். அவருக்கு உடை மாட்டும்போது வரிசையை வழக்கத்தைவிட உரக்கப் படித்தேன்.

பிரணவ் நேரில் வந்தான். அண்ணனின் மனைவியிடம் அனுமதி கேட்டு, அந்தக் கடைசிப் பிற்பகலின் பதிவை எடுத்துக்கொண்டான். அந்த அம்மா, "அவரு நடிச்சத நாலு பேரு பாத்தா சந்தோசப்படுவாரு" என்று சொல்லிவிட்டாராம். பிரணவ் என் மேசையில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்ப ஓட்டினான். சுவர்ப்பக்கம் திரும்பிய முதுகு, மடங்குகிற கால் விரல், 'பரவாயில்ல தம்பி', அந்தச் சிரிப்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே இருந்த 'நலம்' என்பதை அழித்து, 'வலி' என்று மாற்றி எழுதினான். எழுதும்போது மூக்கை உறிஞ்சினான். இதைப் படித்த பிறகு தாயுள்ளம் புதிதாகக் கேட்கும் என்றான். நான் நம்பவில்லை. மாமியார் திருந்தி நான் பார்த்ததில்லை.

மீனாள் அக்கா, தொற்று இல்லை என்று உறுதியான பிறகு, ஒரு காலையில் வீட்டுக்குக் கிளம்பினார். துணிப்பையோடு நடைக்கு வந்தார். உடம்பில் பாதி போயிருந்தது. விரல் நுனிக் கறுப்பு மட்டும் அப்படியே இருந்தது. ரெஜினா சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். பிறகு நான் உட்கார்ந்திருந்த மேசைக்கு வந்தார்.

"உங்க மொகத்த இன்னைக்குத்தான் நேர்ல பாக்குறேன் சார். குரல வச்சுப் பெரிய ஆளா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் ஏமாறுறாங்கக்கா."

சிரித்தார். பிறகு ஏழாம் அறைப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"பக்கத்துல ஒரு அண்ணன் இருந்தாருல்ல. பாவம், என்ன கத்துக் கத்துவாரு! எனக்கெல்லாம் அதுல பாதிகூட வலிக்கல சார். அவரு வலியப் பாத்துதான் நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். அப்புறம் திடீர்னு சத்தமே இல்ல. கொணமாயிருச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன். இப்ப எப்படி இருக்காரு?"

வாசலில் ஆட்டோ காத்திருந்தது. அவர் நிற்கவே தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்திருந்தார். அவரைப் போய் எதற்கு இப்போது சிரமப்படுத்துவது? அலங்காரம் செய்து அனுப்புகிறவன் நான். முகத்தைச் சரிசெய்துகொண்டேன். என் வாழ்க்கையிலேயே நான் நன்றாக நடித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

"பரவாயில்லக்கா. நல்லாருக்காரு."

தலைக்கு மேலே மாமியாரின் கண் லேசாகத் திரும்புகிற சத்தம் கேட்டது.

'உடை மாற்றும் நடை' என்றது தாயுள்ளம். 'ஒருவருக்கு ஆள் தேவை.'

உள் கதவின் விளக்கு பச்சையானது. கதவு தானாகத் திறந்து நின்றது. ரெஜினா சிஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தார். மீனாள் அக்கா அந்தக் கண்ணைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார், கொஞ்ச நேரம்.

பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.